அறுபத்திரண்டு உறவுச் சொற்கள்

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்தப் பெண்ணின் போன் என் மேஜைக்கு வந்தது. ஒரு பிளாஸ்டிக் உறை, அதன்மேல் ஒட்டுச்சீட்டு, சீட்டில் ஆய்வாளரின் கோழிக் கிறுக்கல்: ‘காணவில்லை, பெண், வயது 20.’ செவ்வாய் மதியம் நூலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் திரும்பவில்லை. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்தக் காலத்தில் இருபது வயதுப் பெண் செருப்பில்லாமல் கூடப் போவாள், போன் இல்லாமல் போவாளா? அது எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. உறைத்ததோடு சரி, அவரவர் வேலையைப் பார்த்தோம்.

நான் போலீஸ் இல்லை. போலீஸுக்காகப் போன்களைத் திறந்து படிக்கும் ஒப்பந்த ஊழியர். மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே ஏசி மனிதர்களுக்காக ஓடுவதில்லை, இயந்திரங்களுக்காக ஓடுகிறது. அதனால் நான் வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுவரோரம் இரும்பு அலமாரியில் உடைந்த போன், நனைந்த போன், ரத்தம் காய்ந்த போன் என்று இருநூறுக்குக் குறையாமல் முறைக்காகக் காத்திருக்கும். என்னோடு வேலை பார்ப்பவரின் பட்டப்பெயர் சார்ஜர். எந்தப் போன் வந்தாலும் அதற்குப் பொருந்துகிற சார்ஜரைத் தேடியே மனிதருக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு பொத்தானைத் தட்டினால் குற்றவாளியின் முகம் திரையில் வந்து நிற்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வந்து நிற்பது குப்பை. ஒரு சாதாரண ஆளின் போனில் நாற்பதாயிரம் செய்திகள் இருக்கும். அதில் பாதி ‘சாப்டியா’, மீதியில் பாதி ‘சாப்டேன், நீ?’. அப்புறம் காலை வணக்கப் பூங்கொத்து, இருமல் மருந்து, வரும்போது வெங்காயம். ரவுடியின் போனும் இப்படித்தான். ஒருத்தனைக் குத்திப்போட்டுவிட்டு வந்த அரை மணி நேரத்தில் அவன் அம்மா அவனைச் சாப்டியா என்று கேட்டிருப்பாள். அவனும் சமர்த்தாகப் பதில் போட்டிருப்பான்.

துறை விலைகொடுத்து வாங்கிய மென்பொருளுக்கு நம் மொழி தெரியாது. குடும்பம் என்றால் அதற்கு மம்மி, டாடியோடு முடிந்தது. மண்டை காய்ந்துபோய் இரண்டு வருடத்துக்கு முன் நானே ஒரு சல்லடை செய்தேன். அம்மா, அப்பா, பெரியம்மா, சித்தி, அத்தை, அண்ணி, நாத்தனார், கொழுந்தனார் என்று அறுபத்திரண்டு உறவுச் சொற்கள். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும், ஜனங்கள் எழுதுகிற அத்தனை தப்பும் தவறுமான எழுத்துக்கூட்டலிலும் சேர்த்தேன். போனில் யாருடைய பெயரிலாவது இந்தச் சொற்களில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், அவர்களோடு நடந்த பேச்சு முழுவதையும் சல்லடை தனியே ஒதுக்கிவிடும். மிஞ்சுவது வெளியாட்கள். மூன்று நாள் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாற்பது போன்களில் போட்டுச் சோதித்தேன். ‘மச்சான்’, ‘மாப்ள’ இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்தேன். களவாணிப் பயல்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ‘மாமா’வை எடுத்தேன், காரணம் சொல்லத் தேவையில்லை. ‘அண்ணன்’ என்றால் கூட்டத்தின் தலைவன், ‘அண்ணன் வர்றாரு, வண்டிய எடு’ என்பார்கள், அதனால் அதையும் எடுத்தேன். ‘அண்ணா’ என்பது வீட்டுச் சொல், கூடப் பிறந்தவனைக் கூப்பிடுவது. அதைப் பட்டியலிலேயே வைத்தேன். அந்த நாற்பது போன்களும் ஆண்களுடையவை என்பது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். சம்பளம்தான் ஏறவில்லை.

அந்தப் பெண்ணின் போனில் கோலம் போட்டுத் திறக்கிற பூட்டு. அதை உடைக்க ஆறு மணி நேரமாவது ஆகும் என்று சார்ஜர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா எழுந்து உள்ளே வந்தார். மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர். சீருடையை மாற்றாமல் ஓடி வந்திருந்தார். கையில் பிளீச்சிங் வாடை அடித்தது.

“எனக்குத் தெரியும் மேடம். பக்கத்துல படுத்திருக்கும்போது பாத்திருக்கேன். அவ எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா” என்றவர், விரலால் என் மேஜைமேலேயே வரைந்து காட்டினார்.

போன் திறந்தது. ஆறு மணி நேரம் மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன். “கவலப்படாதீங்கம்மா, சாயங்காலத்துக்குள்ள எங்கன்னு சொல்லிடுவோம்” என்று வேறு சொன்னேன். அந்த வாயை என்ன செய்யலாம் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு செய்திகள். சல்லடையில் போட்டேன். பதினொன்றரைக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மிஞ்சியது. வகுப்புக் குழுக்கள், தோழிகள் நாலைந்து பேர், வங்கி, தள்ளுபடி விற்பனை. எல்லோருக்கும் மேலே ஒரு வகுப்புத் தோழன். தினமும் காலையில் கவிதை என்று எதையோ அனுப்புவான். அவள் பத்துக்கு ஒரு தடவை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள்.

ஆய்வாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிட்டார். “இவன்தான். இழுத்துக்கிட்டு ஓடிருப்பான். ரெண்டு நாள்ல மாலையும் கழுத்துமா வந்து நிப்பாங்க பாருங்க.”

“அவன் இன்னிக்கு காலேஜுக்கு வந்திருக்கான் சார்.”

“நடிக்கிறான்மா.”

நடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருபத்தொன்பது மணி நேரம் ஆனது. ஸ்டேஷனில் உட்கார வைத்துக் கேட்டார்கள். அவன் போனும் என்னிடம்தான் வந்தது. அவன் போன் எங்கெங்கே போனது என்று செல்போன் கோபுரத் தடத்தைப் பார்த்தோம், அவன் நண்பர்கள் நாலு பேரின் தடத்தைப் பார்த்தோம், கல்லூரி வாசல் கேமராவில் ஒன்பது மணி நேரப் படத்தை ஓட்டிப் பார்த்தோம். எங்களிடம் இருந்த அத்தனை நவீனக் கருவிகளும் ஒரு கவிதைப் பைத்தியத்தின் பின்னால் ஓடின. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கவிதைகளை எல்லாம் படித்தேன். ஏதாவது சங்கேதம் இருக்குமாம். ஒன்றும் இல்லை. கவிதையும் இல்லை.

இதற்கு நடுவில் ஆய்வாளர் அந்த அம்மாவிடம் கேட்டார். “வெளி ஆம்பளைங்க யார்கிட்டயாவது பேசுவாளா?”

“இல்ல சார். வெளி ஆளுங்க யாரும் கிடையாது சார்” என்றார் அவர். நான் திரையைப் பார்த்துத் தலையாட்டினேன். அந்தக் கவிதைப் பையனைத் தவிர என் சல்லடையும் அதையேதான் சொல்லியிருந்தது.

வியாழன் மாலை ஐந்து இருபதுக்கு என் சொந்தப் போன் அடித்தது. எங்கள் கட்டட லிஃப்ட் ஒரு வாரமாகப் படுத்துக் கிடந்தது, அதைப் பழுது பார்க்கிறவரை நான்தான் தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தேன். திரையில் ‘லிஃப்ட் அண்ணா’ என்று வந்தது.

நான் எடுக்கவில்லை. அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஊர் தெரியாது, பெயர் தெரியாது. எந்த வகையில் அவர் எனக்கு அண்ணா? என் போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். கேஸ் அண்ணா. பேப்பர் அண்ணா. பூட்டு ரிப்பேர் அண்ணா. ஒருவர் கூட எனக்கு உறவில்லை. எனக்குக் கூடப் பிறந்தவனே இல்லை.

“அண்ணே, அந்தப் பொண்ணோட ஃபைலை மறுபடி திறங்க” என்றேன். சொன்ன பிறகுதான், நான் அண்ணே என்று கூப்பிடும் இவரும் எனக்கு உறவில்லை என்று உறைத்தது.

“எதுக்கு?”

“திறங்கண்ணே.”

ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். நாற்பத்தொரு பேர் எழுந்து வந்தார்கள். வேன் அண்ணா, கேன்டீன் அண்ணா, டெய்லர் அண்ணா, லைப்ரரி அண்ணா. எல்லோரோடும் ஐந்து செய்தி, பத்துச் செய்தி. ‘வேன் எங்க வருது’, ‘சுடிதார் தெச்சாச்சா’. ஒன்பதாவதாக ஜெராக்ஸ் அண்ணா. ஆறு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகள்.

கல்லூரிக்கு எதிரே இருக்கிற கடை. ப்ராஜெக்ட் பக்கங்களை அச்செடுக்க அவள் தன் போனைக் கொடுத்திருக்கிறாள். அவன் அதைக் கணினியில் சொருகி அந்தப் பக்கங்களோடு போனில் இருந்த படங்கள் அத்தனையையும் வழித்து எடுத்துக்கொண்டுவிட்டான். அவள் தன் அறையில் தனியாக இருக்கும்போது தனக்காக எடுத்து வைத்திருந்த படங்கள் சில அதில் இருந்தன. அவற்றை அவள் யாருக்கும் அனுப்பியதில்லை. முதலில் ‘ப்ரின்ட் நல்லா வந்துச்சா’ என்று ஆரம்பித்தவன், நாலாவது நாள் அதில் ஒரு படத்தை அவளுக்கே அனுப்பினான். அதற்குப் பிறகு அவன் எழுதியதையும் அவள் எழுதியதையும் நான் இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

செவ்வாய் காலை அவன் அனுப்பியதை மட்டும் சொல்கிறேன். ‘போனை வீட்ல வெச்சிட்டு வா. போனோட வந்தா எல்லாருக்கும் போயிடும்.’ கூடவே ஒரு வரைபடக் குறி. ஏரிக்கு அந்தப் பக்கம், பாதி கட்டி நின்றுபோன ஒரு வீடு. விரலால் தொட்டால் போதும், எத்தனை நிமிடத்தில் போகலாம் என்று போனே சொல்லும். இங்கிருந்து முப்பத்தைந்து நிமிடம்.

ஆய்வாளரைக் கூப்பிட்டேன். மனிதர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை, அதுவரை அவருக்கு நன்றி. ஆறு மணிக்கு அவனைக் கடையிலேயே வைத்துப் பிடித்தார்கள். யாருக்கோ அடையாள அட்டையை நகலெடுத்துக்கொண்டிருந்தானாம். ஏரிக்கரை வீட்டில் அவளுடைய பையும் ஒரு செருப்பும் கிடைத்தன. அவள் அங்கே இல்லை. வெள்ளி காலை ஏரியில் கண்டுபிடித்தார்கள். பூட்டி வைத்திருந்தேன், கதவை உடைத்துக்கொண்டு அவளாகத்தான் ஓடினாள் என்கிறான் அவன். அது நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டியது. உயிர் போனது வியாழன் மதியம் மூன்றிலிருந்து ஐந்துக்குள் என்று டாக்டர் எழுதினார்.

அவள் போன் என் மேஜைக்கு வந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். புதன் முழுக்க இருந்தாள். வியாழன் காலையில் இருந்தாள். நான் மத்தியானம் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, இந்தக் கவிதையில் சங்கேதம் ஏதும் இல்லை என்று அறிக்கை எழுதியபோதும் இருந்தாள்.

சனிக்கிழமை நான் நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதி ஆய்வாளரிடம் கொண்டுபோனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே படித்தார்.

“இது வேணாம்மா.”

“தப்பு என்னுது சார். நான்தான் அந்தச் சொல்லைப் பட்டியல்ல விட்டு வெச்சுட்டேன்.”

“தெரியுது. கிடைச்சதை மட்டும் எழுதுங்க, எப்ப கிடைச்சுதுன்னு எழுதுங்க. ஏன் முன்னாடியே கிடைக்கலன்னு யாரும் உங்களைக் கேக்கல. சல்லடைன்னு ஒரு வார்த்தை காகிதத்துல வந்துச்சுன்னா அவன் வக்கீல் அதைப் பிடிச்சுத் தொங்குவான். இவன் தப்பிப்பான். இதுக்கு முன்னாடி உங்க சல்லடையில சிக்கினவனுங்களும் ஒவ்வொருத்தனா அப்பீலுக்குக் கிளம்புவானுங்க. பரவாயில்லையா?”

அவன் தப்பிப்பான் என்ற ஒரு வார்த்தையால் என்னை மடக்கிவிட்டார். இரண்டு பக்கத்தையும் மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்குள் எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிக்காக என்னை நானே காறித் துப்பிக்கொள்கிறேன்.

ஞாயிறு செய்தித்தாளில் ‘நவீன தொழில்நுட்பம்: நாற்பதே நிமிடத்தில் சிக்கிய குற்றவாளி’ என்று வந்தது. நாற்பது நிமிடம் உண்மைதான். அதற்கு முந்தைய முப்பது மணி நேரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. திங்கள் காலை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. என் சல்லடையை மற்றப் பதினோரு அலுவலகங்களுக்கும் அனுப்ப வேண்டுமாம்.

“அண்ணாவை எடுத்தாச்சுல்ல? அனுப்பிட வேண்டியதுதானே” என்றார் சார்ஜர்.

“அங்கிள் இருக்கேண்ணே.”

“அதையும் எடுங்க.”

“சித்தப்பா? தாத்தா? நிஜ சித்தப்பாவே அப்படி இருந்தா?”

அவர் கையிலிருந்த ஒயரைச் சுற்றிச் சுற்றி வைத்தார். “எல்லாத்தையும் எடுத்தா பழையபடி நாப்பதாயிரம் வந்து நிக்கும். நாம ரெண்டே பேரு. அலமாரியில இருநூறு போனு. எந்தப் பொண்ணு எந்தப் போனுக்குள்ள உயிரோட இருக்குன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?”

எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

அன்று மதியம் அந்த அம்மா வந்தார். லிஃப்ட் ஓடவில்லை, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். சீருடையில்தான் இருந்தார். இவருக்கு விடுப்பு கூடக் கிடைக்கவில்லையா என்று எனக்கு யார் யார் மேலேயோ கோபம் வந்தது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“போனைக் கேக்க வரல மேடம். கேஸ் முடியாம தரமாட்டாங்கன்னு சொன்னாங்க. அவ பேசினது ஏதாவது அதுல இருக்கும்ல. ஒண்ணே ஒண்ணு எனக்குப் போட்டுக் குடுங்க. குரல் மறந்துடுமோன்னு பயமா இருக்கு.”

அது விதிக்குப் புறம்பு. விதியை மதித்து நடந்த லட்சணம்தான் எனக்கே தெரியுமே. தோழிக்கு அவள் அனுப்பிய குரல் செய்தி ஒன்று இருந்தது, பரீட்சைத் தேதியைப் பற்றி, இடையில் தும்மல் ஒன்று, பிறகு சிரிப்பு. என் போனில் ஏற்றி அவர் காதில் வைத்தேன். மூன்று முறை கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு சொன்னாங்க. நீங்க நல்லா இருக்கணும்.”

வேறு எதையும் நான் தாங்கியிருப்பேன். செருப்பால் அடித்திருந்தால் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன். ஆய்வாளர், வக்கீல், பழைய வழக்குகள் எல்லாம் காற்றில் போயின. சொல்லிவிட்டேன். சல்லடை என்றால் என்ன, எதற்காகச் செய்தேன், எந்தச் சொல்லால் அவன் அதில் மறைந்துபோனான், எவ்வளவு நேரம் மறைந்திருந்தான் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

“அண்ணான்னு போட்டிருந்ததால வீட்டாளுன்னு எடுத்துக்கிடுச்சும்மா. புதன்கிழமையே பாத்திருக்கலாம்மா. நான்தான் பாக்கல.”

என் கையை விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விடவில்லை. நான் சொன்னது புரிந்ததா என்றே சந்தேகமாக இருந்தது.

“நான்தான் சொல்லிக் குடுத்தேன்” என்றார். “அவங்கப்பா போனப்ப அவளுக்கு ஆறு வயசு. ஆம்பளை இல்லாத வீடு. கடைக்குப் போனாலும், வண்டியில ஏறினாலும், ஆம்பளை யாரா இருந்தாலும் வாய் நிறைய அண்ணான்னு கூப்பிடுடி, அப்படிக் கூப்பிட்டுட்டா எவனுக்கும் கெட்ட எண்ணம் வராதுன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தேன். ஒரு தடவை மறந்துட்டான்னு அடிச்சிருக்கேன்.”

தண்ணீர்க் குவளையை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

“மேடம், நீங்க எல்லாத்தையும் படிச்சிருப்பீங்கள்ல. அவன் அப்படின்னு தெரிஞ்ச பிறகாவது விட்டாளா? இல்ல, அவனை அப்படியேதான் கூப்பிட்டாளா?”

நான் இருநூற்றுப் பன்னிரண்டையும் படித்தவள். விட்டுவிட்டாள் அம்மா, நன்றாகத் திட்டினாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொய் வரவில்லை.

“அப்படியேதான்மா. கடைசி வரைக்கும். விட்ருங்கண்ணா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணான்னு.”

அவர் என் கையை விட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தப் பெஞ்சிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.